பினோதினி மண் சுமந்த கொட்டகை

கொல்கத்தாவில் ஸ்டார் தியேட்டர் என்று பெயர்பெற்ற பழைய நாடக அரங்கத்துக்கு இப்போது பினோதினி தியேட்டர் என்று பெயர் வைத்திருக்கிறார்களே, யார் இந்தப் பினோதினி, அவர் அங்கே நடித்தவரா, இத்தனை காலம் கழித்து ஏன் இந்தப் பெயர் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பல ஆண்டுகளாக மனத்தில் சுமந்துகொண்டிருக்கும் கதை இது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் நேரடியான பதில். 1883இல் ஸ்டார் தியேட்டர் எழும்பியதே பினோதினி தாசி என்ற நடிகையால்தான். அவர் பெயரைத்தான் வைக்கப்போகிறோம் என்று அவரிடம் சொல்லியே எல்லா வேலையும் நடந்தது. கடைசியில் வேறு பெயரைப் பதிவு செய்துவிட்டார்கள். 2024 டிசம்பர் 30ஆம் தேதி மேற்கு வங்க முதல்வர் மம்தா பானர்ஜி, ஸ்டார் தியேட்டர் இனி பினோதினி தியேட்டர் என்று அறிவித்தார். இடையில் ஓடியது 141 ஆண்டுகள். ஆனால் செய்திகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போன ஒன்று உண்டு. இன்று அந்தப் பெயரைத் தாங்கி நிற்கும் கட்டடத்தின் மேடையில் பினோதினி ஒரு நாள்கூட நடித்ததில்லை. அவர் நடித்த அரங்கம் வேறு இடத்தில் இருந்தது. அது இன்று இல்லை.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் வினோதினி என்று சொல்வதை வங்காளிகள் பினோதினி என்பார்கள். 'தாசி' என்றதும் நம் ஊர் தேவதாசி நினைவுக்கு வரும். வங்காளத்தில் அதற்கு அந்தப் பொருள் இல்லை. உயர்சாதிப் பெண்கள் பெயருக்குப் பின்னால் தேவி என்று போட்டுக்கொள்வார்கள், மற்றவர்கள் தாசி என்று போடுவார்கள். அவ்வளவுதான். மக்கள் அவரை 'நடி பினோதினி' என்றும் சொல்வார்கள். நடி என்றால் நடிகை.

வங்காளத்துப் பொது மேடையில் பெண் வேடத்தைப் பெண்களே ஏற்கத் தொடங்கியது 1873இல். அதுவரை அங்கேயும் நம் ஸ்திரீபார்ட் போல ஆண்கள்தான் சேலை கட்டினார்கள். அந்த ஆண்டு பெங்கால் தியேட்டர் என்ற குழு நான்கு பெண்களை நடிக்க வைத்தது. எந்தப் பெண்கள்? குடும்பப் பெண் என்று ஊர் ஏற்றுக்கொண்ட ஒருத்தியும் மேடைக்கு வரமாட்டாள். பாட்டும் ஆட்டமும் கற்று, செல்வர்களின் ஆதரவில் வாழ்ந்த பெண்களின் தெருக்களிலிருந்துதான் நடிகைகள் வந்தார்கள். நகரத்துப் பெரிய மனிதர்களில் பலர் முகம் சுளித்தார்கள். அடுத்த ஆண்டே, 1874 டிசம்பரில், கிரேட் நேஷனல் தியேட்டரின் மேடையில் பதினொன்று பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி திரௌபதியின் தோழியாக வந்து நின்றாள். சம்பளம் மாதம் பத்து ரூபாய். அவள்தான் பினோதினி.

கார்ன்வாலிஸ் தெருவில் பாட்டிக்குச் சொந்தமான எளிய வீடு. அதில் குடியிருந்தவர்கள் தரும் வாடகையில் ஓடிய வறுமைக் குடும்பம். அங்கே குடியிருந்த கங்காபாய் என்ற பாடகியிடம் பினோதினி பாட்டுக் கற்றார். கங்காபாயின் பாட்டைக் கேட்க வந்துபோன இரண்டு பேர்தான் சிறுமியை நாடகத்துக்குக் கூட்டிச் சென்றார்கள். வீட்டில் சோறு வேண்டியிருந்தது, அதனால் பாட்டியும் தாயும் அனுப்பினார்கள். அவர் பிற்காலத்தில் எழுதிய தன்வரலாற்றில் இதையெல்லாம் ஒளிக்காமல் சொல்கிறார்.

சிறுமியாக இருந்தபோதே குழுவோடு வட இந்தியா முழுவதும் சுற்றினார். லக்னோவில் நடந்ததை அவர் எழுதியிருப்பதைப் படித்தால் நாமும் பக்கத்திரைக்குப் பின்னால் நிற்பது போலிருக்கும். நாடகம் 'நீல தர்ப்பண்'. அவுரித் தோட்டத்து வெள்ளை முதலாளிகள் வங்கத்துக் குடியானவர்களைப் படுத்திய பாட்டைத் தீனபந்து மித்ரா எழுதிய நாடகம் அது. முன்வரிசைகளில் வெள்ளைக்காரர்கள். ஒரு பெண்ணைக் கெடுக்க வரும் தோட்டக்காரத் துரையை தோராப் என்ற முஸ்லிம் குடியானவன் பிடித்துப்போட்டு அடிக்கும் காட்சி வந்தது. பார்த்துக்கொண்டிருந்த வெள்ளையர்கள் எழுந்து மேடையை நோக்கிப் பாய்ந்தார்கள். சிலர் வாளை உருவிவிட்டார்கள். நடிகைகள் உள்ளே அழுது நடுங்கினார்கள். நாடகம் அதோடு நின்றது, குழு மூட்டை கட்டிக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்பியது. மேடையில் சொல்லும் பொய், எதிரில் இருப்பவனின் கையை வாள்பிடிக்குக் கொண்டுபோகும் என்பதை அந்த வயதிலேயே பார்த்தவர் பினோதினி. அதற்கு அடுத்த ஆண்டு, 1876இல்தான் ஆங்கில அரசு நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. நம் ஊர் நாடகக்காரர்களையும் பல பத்தாண்டுகள் போலீஸ் நிலையத்துக்கு அலையவைத்த சட்டம் அதுதான்.

பிறகு அவர் பெங்கால் தியேட்டருக்குப் போனார். பங்கிம் சந்திரரின் நாவல்கள் நாடகமானபோது அவற்றின் நாயகிகளாக நடித்தார். அங்கிருந்து கிரீஷ் சந்திர கோஷ் அவரைத் தம் குழுவுக்கு அழைத்துக்கொண்டார். கிரீஷ் நடிகர், நாடகாசிரியர், ஒத்திகை ஆசிரியர், எல்லாமே. வங்க நாடக மேடைக்கு அவர்தான் தந்தை என்பார்கள். பினோதினிக்கு அவர் குரு. வெளிநாட்டு நடிகைகள் எப்படி நடித்தார்கள் என்று கதை கதையாகச் சொல்வார், ஆங்கில நாடகங்களுக்கு அனுப்பிப் பார்க்கச் செய்வார், பார்த்துவிட்டு வந்ததும் என்ன பார்த்தாய் என்று கேட்பார். மைக்கேல் மதுசூதன் தத்தின் 'மேகநாத வதம்' காவியம் நாடகமானபோது பினோதினி ஒரே நாடகத்தில் ஏழு வேடம் ஏற்றார். இந்திரஜித்தின் மனைவி பிரமீளாவும் அவர்தான், சீதையும் அவர்தான். தன் ஒப்பனையைத் தானே செய்துகொண்டார். எந்தப் பாத்திரத்துக்கு எப்படி அரிதாரம் என்று யோசித்து யோசித்து மாற்றினார்.

இனி 1883க்கு வருகிறேன்.

கிரீஷும் பினோதினியும் அப்போது நேஷனல் தியேட்டரில் இருந்தார்கள். முதலாளி பிரதாப்சந்த் ஜஹூரி, மார்வாடி வணிகர். நாடகத்தைக் கணக்குப் புத்தகத்தோடு ஒழுங்காக நடத்தியவர். பினோதினி விடுப்பு எடுத்துக்கொண்டு காசிக்குப் போனார், அங்கே உடல்நலம் கெட்டுச் சொன்ன நாளில் திரும்ப முடியவில்லை. வந்து சம்பளம் கேட்டால், வேலை செய்யாத நாளுக்கு என்ன சம்பளம் என்றார் முதலாளி. பினோதினி கொதித்துப்போனார். மற்ற நடிகர்களுக்கும் குறைகள் இருந்தன. நமக்கென்று ஒரு கொட்டகை வேண்டும் என்ற பேச்சு அங்கேதான் பிறந்தது.

கொட்டகை கட்டப் பணம்? குர்முக் ராய் என்ற இருபது வயதை ஒட்டிய மார்வாடி இளைஞர் தருவதாகச் சொன்னார். ஒரு நிபந்தனை. பினோதினி தன்னோடு வாழ வேண்டும். அப்போது பினோதினிக்கு வேறொரு செல்வக் குடும்பத்து இளைஞரின் ஆதரவு இருந்தது. அவர்மேல் இவருக்கு மனமும் இருந்தது. ஆனால் அந்த இளைஞர் சொல்லாமல் கொள்ளாமல் திருமணம் செய்துகொள்ளப் போய்விட்டிருந்தார். நாடகக்காரர்கள் எல்லோரும் பினோதினியைச் சூழ்ந்துகொண்டு கெஞ்சினார்கள். நீ சம்மதித்தால் எங்களுக்கெல்லாம் ஒரு மேடை கிடைக்கும் என்றார்கள். அவர் சம்மதித்தார்.

செய்தி கேட்டுப் பழைய காதலர் திரும்பி வந்தார். விடியற்காலை, பினோதினி உறங்கிக்கொண்டிருந்த அறைக்குள் பூட்ஸ் ஒலிக்க நுழைந்தார். பேச்சு முற்றியது. இடுப்பிலிருந்த வாளை உருவி வீசினார். பினோதினி சட்டென்று குனிந்தார். வாள் பக்கத்திலிருந்த ஆர்மோனியத்தின் மேல்பலகையில் இறங்கிக் கட்டையைப் பிளந்துகொண்டு நின்றது. மறுபடி ஓங்கியபோது பினோதினி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, என்னைக் கொல், ஆனால் என்னைப் போன்றவளுக்காக உன் குலப்பெயரைக் கறையாக்கிக்கொள்ளாதே என்று மன்றாடினாராம். வந்தவர் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆர்மோனியத்தில் வாள் பதிந்த அந்தக் காட்சியை எத்தனை முறை படித்தாலும் என் மனம் பதறும். வங்காளத்தின் புகழ்பெற்ற நாடக அரங்கத்துக்கு அடிக்கல் விழுந்த விதம் இது.

குர்முக் ராயும் இடையில் ஒரு கட்டத்தில் தடுமாறினார். நாடகக் கொட்டகையெல்லாம் எதற்கு, ஐம்பதாயிரம் ரூபாய் ரொக்கமாகத் தருகிறேன், இந்தக் கதையை விட்டுவிடு என்றார் பினோதினியிடம். பத்து ரூபாய்ச் சம்பளத்தில் தொடங்கிய பெண். 1883இல் ஐம்பதாயிரம் என்பது எவ்வளவு பெரிய தொகை என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். அவர் வேண்டாம் என்றார். கொட்டகை கட்டித் தந்தால்தான் உண்டு, இல்லையென்றால் நீங்களும் வேண்டாம் என்றார். பினோதினியைப் பற்றிப் பேசும்போது காதல், துரோகம், பக்தி என்று எல்லோரும் கண்கலங்குகிறார்கள். நான் இந்த இடத்தில்தான் நின்று வணங்குவேன். அவருக்கு வேண்டியது மேடை. அதற்கு என்ன விலை என்று தெரிந்தே கொடுத்தார்.

பீடன் தெரு 68ஆம் எண் மனையைக் குத்தகைக்கு எடுத்து வேலை தொடங்கினார்கள். மதியம் இரண்டு மூன்று மணிக்கெல்லாம் பினோதினி ஒத்திகைக்கு வந்துவிடுவார். ஒத்திகை முடிந்ததும் கட்டட வேலை நடக்கும் இடத்துக்குப் போவார். மற்றவர்கள் வீட்டுக்குப் போன பிறகும் இரவெல்லாம் அங்கேயே இருப்பார். பார்வையாளர் உட்காரும் இடத்தை நிரப்பி உயர்த்த மண் வேண்டும். கூடையில் மண்ணை அள்ளித் தானே சுமந்து கொண்டுபோய்க் கொட்டினார். கூலியாட்கள் சோர்ந்துவிடாமலிருக்க, கூடைக்கு நான்கு சோழிக்காசு என்று பேசி, அவர்கள் கையில் எண்ணிக் கொடுத்தார். நகரத்தின் முன்னணி நடிகை, நள்ளிரவில் தீவட்டி வெளிச்சத்தில் தலையில் மண்கூடையோடு நடக்கிறார்.

அந்த நாட்களில்தான் உடன் இருந்தவர்கள் அவரிடம் சொன்னார்கள்: இந்தக் கொட்டகை உன் பெயரோடு சேர்ந்திருக்கும், நீ போன பிறகும் உன் பெயர் இருக்கும், 'பி தியேட்டர்' என்று வைக்கப்போகிறோம். பினோதினியின் முதலெழுத்து. அவர் மகிழ்ச்சியில் இன்னும் வேகமாக உழைத்தார். பதிவு செய்யப் போனவர்கள் திரும்பி வந்தபோது, என்ன பெயர் வைத்தீர்கள் என்று ஆவலோடு கேட்டார். குழுவைச் சேர்ந்த தாசுசரண் நியோகி முகமலர்ச்சியோடு சொன்னார்: "ஸ்டார்." அப்படியே உட்கார்ந்துவிட்டேன், இரண்டு நிமிடம் எனக்குப் பேச்சு வரவில்லை என்று எழுதுகிறார் பினோதினி.

ஏன் அப்படிச் செய்தார்கள்? அப்படிப்பட்ட ஒரு பெண்ணின் பெயரைத் தாங்கிய இடத்துக்குக் கண்ணியமான குடும்பங்கள் வரமாட்டா என்ற பயம்தான் காரணம் என்று வழக்கமாகச் சொல்வார்கள். இருக்கலாம். அவர் மேடையில் சதிதேவியாக, சீதையாக வந்தால் கண்ணீர்விட்டுப் பார்க்கத் தயாராக இருந்த ஊர்தான் அது. ஆனால் பயத்தை மட்டும் காரணம் காட்டி அந்த மனிதர்களை நான் விட்டுவிட மாட்டேன். கட்டடம் முடிந்த பின்பு பினோதினியைச் சம்பளக்கார நடிகையாகக்கூட வைத்துக்கொள்ளாமல் ஒதுக்கப் பார்த்தார்கள். இரண்டு மாதம் அவர் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். குர்முக் ராய் அழுத்திச் சொன்ன பிறகே திரும்ப அழைத்தார்கள்.

1883 ஜூலை 21ஆம் தேதி ஸ்டார் தியேட்டர் திறந்தது. நாடகம் 'தட்ச யக்ஞம்'. கிரீஷ் கோஷ் தட்சன். அமிர்தலால் மித்ரா மகாதேவர். பினோதினி தாட்சாயணி. தந்தையின் வேள்வியில் தனக்கு இடமில்லை என்று அறிந்து உயிரைவிடும் மகளின் வேடம் அன்று அவருக்கு.

சில மாதங்களிலேயே குர்முக் ராய் குடும்ப நெருக்கடியாலும் உடல்நலக் குறைவாலும் விலகினார். பாதிப் பங்கைப் பினோதினி பெயருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்று அவர் கேட்டார். அதை மறுத்தவர் கிரீஷ் கோஷ். முதலாளிப் பொறுப்பெல்லாம் உங்களுக்கு எதற்கு என்று பினோதினியின் தாயிடம் பேசி மனத்தை மாற்றினார். கடைசியில் கொட்டகை 11,000 ரூபாய்க்கு அமிர்தலால் மித்ரா, அமிர்தலால் போஸ், ஹரிபிரசாத் போஸ், தாசுசரண் நியோகி ஆகிய நால்வருக்குக் கைமாறியது. பெயரும் போயிற்று, பங்கும் போயிற்று. கிரீஷ் மாபெரும் கலைஞர். பினோதினியை உருவாக்கியவர். இந்த விஷயத்தில் அவர் செய்தது அநியாயம். இரண்டும் உண்மை.

ஆனாலும் அடுத்த மூன்று ஆண்டுகளில் பினோதினி அந்த மேடையில் செய்ததை யாராலும் எடுத்துக்கொள்ள முடியவில்லை. 1884 ஆகஸ்டில் 'சைதன்ய லீலா'. வங்கத்து வைணவ மகான் சைதன்யராக ஒரு பெண், அதுவும் ஊர் ஒதுக்கிய ஒரு பெண். முதல் நாள் இரவு முழுக்க உறக்கமில்லை. விடியற்காலையில் கங்கையில் குளித்து, துர்க்கையின் பெயரை 108 முறை எழுதிவிட்டு நடிக்கப் போனார். சைதன்யராக ஆடும்போது சில இரவுகளில் மேடையிலேயே நினைவிழந்து விழுந்திருக்கிறார். ஒருமுறை பார்வையாளராக வந்திருந்த லாஃபோன் பாதிரியார் உள்ளே வந்து அவரைத் தெளியவைத்தார். சேவியர் கல்லூரியில் அறிவியல் கற்பித்த அந்த ஏசு சபைப் பாதிரியார் சைதன்ய லீலா பார்க்க வந்திருந்தார் என்றால், அந்த நாடகம் நகரத்தை எப்படிப் பிடித்திருந்தது என்று புரியும். 'விவாஹ விப்ராட்' என்ற அமிர்தலால் போஸின் அங்கதத்தில், ஆங்கில மோகம் தலைக்கேறிய பிலாசினி கார்ஃபர்மா என்ற பெண்ணாகவும் அவர் நடித்தார். சைதன்யராக உருகிவிட்டு, அதே இரவில் அரிதாரத்தைக் கலைத்துவிட்டு பிலாசினியாக வந்து நிற்பார். பக்தி மட்டுமே அவரிடம் இருந்தது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அது தொழில் தெரிந்த நடிகையின் வேலை.

1884 செப்டம்பர் 21 அன்று ராமகிருஷ்ண பரமஹம்சர் தட்சிணேஸ்வரத்திலிருந்து சைதன்ய லீலா பார்க்க வந்தார். எப்படி இருந்தது என்று கேட்டவர்களிடம், அசலும் நகலும் ஒன்றாகவே கண்டேன் என்றார். பினோதினியின் தலையில் கைவைத்து, "அம்மா, உனக்குச் சைதன்யம் உண்டாகட்டும்" என்று வாழ்த்தினார். சைதன்யம் என்றால் ஆன்ம விழிப்பு. நாடகத்தையே தீண்டாத பலர் அதன் பிறகுதான் கொட்டகைக்குள் கால்வைத்தார்கள். இன்றும் வங்காளத்து நாடக ஒப்பனை அறைகளில் பரமஹம்சரின் படம் மாட்டியிருப்பதைப் பார்க்கலாம்.

அடுத்த ஆண்டு பரமஹம்சர் தொண்டைப் புற்றுநோயோடு சியாம்புகூரில் படுத்திருந்தார். சீடர்கள் எல்லோரையும் உள்ளே விடுவதில்லை. பினோதினி கோட்டும் தொப்பியும் அணிந்து ஐரோப்பிய இளைஞன் வேடத்தில், காளிபத கோஷ் என்ற பக்தரின் துணையோடு காவலைத் தாண்டி உள்ளே போய்விட்டார். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. உண்மையைச் சொன்னதும் நோயாளி வாய்விட்டுச் சிரித்தார். பினோதினி அவர் காலில் தலைவைத்து அழுதார். தன் கலையை அவர் மேடைக்கு வெளியே பயன்படுத்திய ஒரே இரவு அதுவாகத்தான் இருக்கும்.

1886 முடிந்து 1887 பிறக்கும் நேரத்தில் பினோதினி நடிப்பை விட்டார். வயது இருபத்து மூன்று இருபத்து நான்குதான். பன்னிரண்டு ஆண்டு மேடை வாழ்க்கை. சுமார் 80 வேடங்கள். மனக்காயம்தான் காரணம் என்று அவர் எழுத்திலிருந்து தெரிகிறது. மீண்டும் அவர் மேடை ஏறவே இல்லை.

அவர் விலகிய சில மாதங்களில் அந்தக் கொட்டகையும் ஸ்டார் குழுவின் கையைவிட்டுப் போனது. கோபால்லால் சீல் என்ற பெரும் பணக்காரர் பீடன் தெரு மனையை வாங்கி, வெளியேறச் சொன்னார். குழு கட்டடத்தை 30,000 ரூபாய்க்கு அவருக்கே விற்றுவிட்டு, ஸ்டார் என்ற பெயரை மட்டும் கையோடு எடுத்துக்கொண்டு கிளம்பியது. புதுக் கொட்டகைக்கு ஹாத்திபாகானில், கார்ன்வாலிஸ் தெருவில் இடம் பார்த்தார்கள். கோபால்லால் தம் எமரால்டு தியேட்டருக்கு கிரீஷ் கோஷை 20,000 ரூபாய் முன்தொகை கொடுத்து இழுத்துக்கொண்டார். கிரீஷ் அதில் 16,000 ரூபாயைத் தம் பழைய குழுவினரின் புதுக் கட்டடத்துக்கே கொடுத்துவிட்டார். அவர்கள் திறப்பு விழாவுக்கு வேறு பெயரில் நாடகமும் எழுதித் தந்தார். 1888 மே 25 அன்று அந்த 'நசீராம்' நாடகத்தோடு ஹாத்திபாகான் ஸ்டார் திறந்தது. இன்று நீங்கள் பார்ப்பது இந்த இடம்தான். இங்கே எல்லாரையும் வாழவைக்கும் கிரீஷின் மனம், ஐந்தாண்டுக்கு முன் பினோதினியின் பாதிப் பங்குக்கு மட்டும் ஏன் சுருங்கியது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம்தான் மிஞ்சுகிறது.

பினோதினியின் பீடன் தெருக் கொட்டகை எமரால்டு ஆகி, பிறகு கிளாசிக், கோஹினூர், மன்மோகன் என்று பெயர் மாறிக்கொண்டே வந்தது. கிளாசிக்காக இருந்தபோது அமரேந்திரநாத் தத் அங்கே கொடிகட்டிப் பறந்தார். இந்திய சினிமாவின் முன்னோடி ஹீராலால் சென் அங்கே நடந்த நாடகங்களைப் படம்பிடித்தார். மன்மோகனாக இருந்தபோது 1924இல் சிசிர்குமார் பாதுரியின் 'சீதா' அங்கே அரங்கேறியது. நாலைந்து முதலாளிகளின் பெயர்கள் அந்த வாசலில் தொங்கின. அவர் பெயர் தொங்கவில்லை. பிறகு சித்தரஞ்சன் அவென்யூ என்ற அகலமான சாலையைப் போட்டபோது கட்டடத்தையே இடித்துவிட்டார்கள். பினோதினி சுமந்து கொட்டிய மண் இன்று தார்ச்சாலைக்கு அடியில் இருக்கிறது.

ஹாத்திபாகான் ஸ்டாரின் கதை நீளமானது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். 1898 மார்ச் 11 அன்று விவேகானந்தர் நிவேதிதையை கொல்கத்தா மக்களுக்கு அறிமுகம் செய்துவைத்தது இங்கேதான். அதே ஆண்டு ஸ்டீவன்சன் என்ற வெள்ளையர் இங்கே பயாஸ்கோப் காட்ட, அதைப் பார்த்துத்தான் ஹீராலால் சென்னுக்குச் சினிமா ஆசை பிடித்தது. 1923இல் 'கர்ணார்ஜுன்' நூற்றுக்கணக்கான இரவுகள் ஓடியது. 1953இல் தொடங்கிய 'சியாமளி'யில் உத்தம் குமாரும் சாவித்திரி சட்டர்ஜியும் நடித்தார்கள். அது 484 இரவுகள். சினிமாவில் உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்த உத்தம் குமார் வாரந்தோறும் வந்து மேடையில் நின்றார் என்பதை வயதான வங்காளிகள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். 1991 அக்டோபரில் அரங்கம் தீப்பிடித்து எரிந்தது. பழைய முகப்பைக் காப்பாற்றி, மாநகராட்சி புதுப்பித்து 2004இல் திறந்தது. அதற்குப் பிறகு நாடகத்தைவிடச் சினிமாதான் அதிகம் ஓடியது.

மேடையை விட்ட பிறகு பினோதினி ஒரு பெரிய குடும்பத்து மனிதரின் பாதுகாப்பில் ஏறக்குறைய கால் நூற்றாண்டு வாழ்ந்தார். சகுந்தலா என்று ஒரு மகள். அவளைப் பள்ளியில் சேர்க்க எவ்வளவோ முயன்றார், அம்மா யார் என்று தெரிந்து எங்கும் சேர்த்துக்கொள்ளவில்லை. சிறு வயதிலேயே 1904இல் அவள் இறந்துபோனாள். பாதுகாத்த மனிதரும் 1912இல் இறந்தபோது பினோதினி மீண்டும் தன் பழைய தெருவுக்கே வந்தார். கவிதைத் தொகுப்புகள் இரண்டு வெளியிட்டார். தன் கதையை 'ஆமார் கதா' என்று எழுதினார். ஓர் இந்திய நடிகை தன் வாழ்க்கையைத் தானே எழுதிய முன்னோடி நூல்களில் அது ஒன்று. முன்னுரை கேட்டு கிரீஷ் கோஷிடம் போனார். கிரீஷ் எழுதிக் கொடுத்தது அவருக்குத் திருப்தி தரவில்லை, நடந்தவற்றை முழுக்கச் சொல்லவில்லை என்றார். உண்மை கசப்பாக இருந்தால் எல்லா நேரத்திலும் சொல்லக் கூடாது என்றார் குரு. ஆனாலும் மாற்றி எழுதித் தருவதாக, அதை எழுதாமல் சாகமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். 1912 பிப்ரவரியில் கிரீஷ் இறந்தார். அந்த முன்னுரை வரவில்லை. அந்த வாக்கையும் பெயர் வைப்பதாகச் சொன்ன வாக்கையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துத்தான் நான் எப்போதும் படிப்பேன்.

பாரிஸில் சாரா பெர்னார் என்ற புகழ்பெற்ற நடிகை 1899இல் ஓர் அரங்கத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தன் பெயரையே வைத்தார். அவர் யூத மரபினர் என்பதால் நாஜி ஆக்கிரமிப்புக் காலத்தில் அந்தப் பெயரை அழித்தார்கள். போர் முடிந்ததும் பெயர் திரும்பியது, 1968இல் மறுபடி மாறியது, 2023இல் மீண்டும் சேர்ந்தது. நியூயார்க்கில் எதெல் பேரிமூர் என்ற நடிகைக்காக 1928இல் கட்டிய அரங்கம் அதே பெயரில் இன்றும் நடக்கிறது. 1883இல் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தால் கொல்கத்தா அந்த இரண்டு நகரங்களுக்கும் முன்னால் நின்றிருக்கும்.

பெயர் மாற்றத்தைச் சிலர் எதிர்த்தார்கள். இந்தக் கட்டடத்துக்கு 136 ஆண்டு வழங்கிவந்த ஸ்டார் என்ற பெயரும் வரலாறுதானே, பினோதினி நடிக்காத கட்டடத்துக்கு அவர் பெயர் எதற்கு என்றார்கள். நியாயமான கேள்வி. என் கருத்து வேறு. அவருக்கு மறுக்கப்பட்டது செங்கலும் சுண்ணாம்பும் இல்லை, பெயர்ப்பலகை. ஸ்டார் என்ற பெயர் எந்தப் பெயரின் இடத்தில் ஏறி உட்கார்ந்ததோ, அந்தப் பெயர் இப்போது அதே இடத்துக்குத் திரும்பியிருக்கிறது. இது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் 'பினோதினி நடித்த அரங்கம்' என்று வழிகாட்டிகள் சொல்லத் தொடங்கினால் அது இன்னொரு பொய்யாகிவிடும். பீடன் தெருவும் சித்தரஞ்சன் அவென்யூவும் சந்திக்கும் பக்கத்தில், இங்கேதான் அந்தக் கொட்டகை இருந்தது என்று யார் கண்ணிலும் படும்படி ஒரு கல்லாவது நட வேண்டும். நான் அந்த முனையில் ஒரு மாலை முழுக்க நின்றிருக்கிறேன். பஸ்களும் மஞ்சள் டாக்ஸிகளும் போய்க்கொண்டே இருந்தன. எந்த இடத்தில் மேடை, எந்த இடத்தில் பார்வையாளர் என்று என்னால் கணக்குப்போட முடியவில்லை.

நீங்கள் போவதாக இருந்தால் இரண்டு இடங்களுக்கும் போங்கள், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போகலாம். போவதற்கு முன் அவருடைய புத்தகத்தைப் படித்துவிடுங்கள், ரிம்லி பட்டாச்சார்யா 1998இல் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறது.

ஹாத்திபாகான் மேடையில் அவர் நடிக்கவில்லை என்றேன். ஆனால் அங்கே வந்திருக்கிறார். 1920களில் கர்ணார்ஜுன் நாடகத்தில் அர்ஜுனனாக நடித்த அகீந்திர சௌத்ரி அதை நினைவுகூர்ந்திருக்கிறார். வயதான ஒரு பெண்மணி அடிக்கடி நாடகம் பார்க்க வருவார், கைகளிலும் கால்களிலும் வெண்தேமல் படர்ந்திருக்கும், சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போவார். அவர்தான் பினோதினி. 1941 பிப்ரவரியில் அவர் இறந்தார். அவர் அப்படி வந்துபோன நாட்களிலெல்லாம் வாசலில் ஸ்டார் என்று எழுதியிருந்தது.